பங்காளியா, மாமன் மச்சானா?

"அந்தப் பக்கத்து மாடும் நம்ம மாடும் பங்காளியா, மாமன் மச்சானா தம்பி?"

வேதாரண்யம் பக்கத்துக் கிடைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது. "ரெண்டும் இல்லீங்க ஐயா. உங்க மாடு தனி" என்றேன். சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றைக்கு என் லேப்டாப்பில் ஒரு எண் இருந்தது, அதை நம்பிச் சொன்னேன். எண் தப்பு என்று பிறகு தெரிந்தது. சரி, தப்பு யாருக்கும் வரும். ஆனால் எண் சரியாகவே இருந்திருந்தாலும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாமா என்பதுதான் இன்னும் தெளியவில்லை.

உம்பளச்சேரி என்ற நாட்டு மாட்டு இனத்தில் இரண்டு கூட்டம் ஆய்வுக்கு எடுத்திருந்தோம். திருத்துறைப்பூண்டியைச் சுற்றிய உள்பகுதியில் ஒன்று, கடற்கரைப் பக்கம் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கக் காங்கேயம் இனம். ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்து, மாடுகளுக்கென்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பரிந்துரைத்திருக்கும் முப்பது மைக்ரோசாட்டிலைட் குறியீடுகளில் (டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) சிலவற்றைப் பார்த்தோம். ஒரு குறியீடு மாட்டுக்கு மாடு வேறு வேறு வடிவத்தில் இருக்கும், அந்த வடிவம்தான் அல்லீல். ஒவ்வொரு குறியீட்டிலும் எந்த அல்லீல் எந்தக் கூட்டத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கெடுத்துக் கொடுத்தால், இரண்டு கூட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று சாஃப்ட்வேர் சொல்லிவிடும். நான் பயன்படுத்தியது ஜெனலெக்ஸ், எக்செலுக்குள்ளேயே ஓடுவது. சூத்திரம் மசாதோஷி நெய் என்ற ஜப்பானிய அறிஞர் 1972இல் கொடுத்தது. (கிடையில் அந்தப் பெயரைச் சொன்னபோது, பால் கறவையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.) இரண்டு கூட்டத்திலும் அல்லீல்கள் ஒரே விகிதத்தில் இருந்தால் தூரம் பூஜ்யம். விலக விலக எண் ஏறும்.

எனக்கு அந்த எண் ஏற வேண்டும் என்று ஆசை இருந்தது. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனை கிடை அழிந்தது என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிஞ்சிய கொஞ்ச மாடுகளிலிருந்து பெருகிய கூட்டம் என்றால், தற்செயலாகவே அல்லீல் விகிதம் மாறிப்போகும், தூரம் கூடும். பாடப்புத்தகத்தில் படித்தது கண்முன்னே நடக்கிறது என்று மனதுக்குள் கட்டுரையே எழுதிவிட்டேன்.

எண்ணும் ஏறியது. இரண்டு உம்பளச்சேரிக் கூட்டங்களுக்கும் நடுவில் கிட்டத்தட்ட காங்கேயத்துக்கு இருக்கும் அளவு தூரம். அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கடற்கரைக் கூட்டத்தில் மட்டும் சில குறியீடுகளில் ஒரே அல்லீலை இரட்டையாக வைத்திருந்த மாடுகள் அளவுக்கு மீறி இருந்தன. மாடுகள் பாகுபாடில்லாமல் கலந்தால் இரட்டை இத்தனைதான் வரும் என்று சொல்லும் ஹார்டி வெயின்பெர்க் சமநிலைக்குப் பொருந்தவில்லை என்று சாஃப்ட்வேர் நட்சத்திரக் குறி போட்டே காட்டியது. புயலுக்கு அப்புறம் உள்கலப்பு, அதாவது சொந்தத்துக்குள்ளேயே சேருவது, அதிகம், அதனால்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் வேறு வேலையாக அந்தக் கிடைக்குப் போனபோதுதான் பெரியவர் கேட்டார். செவலையாகப் பிறந்து சாம்பலுக்கு மாறிக்கொண்டிருந்த கன்று ஒன்றைத் தடவிக்கொண்டே கேட்டார். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து இனவிருத்திக்கு ஒரு பொலிகாளை கொண்டுவரப் பேசி வைத்திருந்தார். பங்காளி என்றால் சேர்க்கக் கூடாது, மாமன் மச்சான் என்றால் சேர்க்கலாம். அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. நான் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னேன். "தனி" என்றதும் அவர் முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஆய்வு இன்னும் முடியலீங்க" என்ற ஒரு வரியை விழுங்கிவிட்டேன். மறந்ததாகச் சொல்ல முடியாது. சொன்னால் அந்த முகம் மாறிவிடும் என்று தெரிந்தே விட்டேன். கேள்வி கேட்டவர் அவர், பதில் இல்லாமல் எப்படித் திரும்புவது என்றும் தோன்றியது. இதுவும் பொய்யில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பிழை அகப்பட்டது. ஆய்வகத்திலிருந்து வந்த கோப்பில், முடிவு கிடைக்காத இடமெல்லாம் -9 என்று இருந்தது. ஜெனலெக்ஸுக்கு அங்கே 0 வேண்டும். அதற்கு முன்னால் மாட்டு எண்களில் இருந்த சிறுகோடுகளை எடுக்க, "-" எல்லாவற்றையும் ஒரே தட்டில் நீக்கினேன். -9 எல்லாம் 9 ஆகிவிட்டது. அப்புறம் -9ஐ 0 ஆக்கப் போனால், மாற்ற ஒன்றும் இல்லை என்றது எக்செல். முன்பே மாற்றிவிட்டேன் போல என்று மூடிவிட்டேன். சாஃப்ட்வேருக்கு 9 என்பது ஒரு அல்லீல். வழியில் ஐஸ் கரைந்து கெட்டுப்போன கடற்கரை ரத்தக் குழாய்கள்தான் பெரும்பாலும் விடுபட்டவை. ஆக, நான் அளந்தது ஐஸ் பெட்டியின் தரத்தை.

திருத்தி ஓட்டியதும் எண் சரிந்தது. எந்த மாடு எந்தக் கூட்டம் என்பதை 999 முறை குலுக்கிப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்ததிலும் இரண்டு கூட்டத்தையும் வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. அறிக்கை திருத்திய எண்ணோடுதான் போனது, எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. பெரியவரிடம் வாயால் சொன்னது மட்டும் திருத்தப்படாமல் நின்றது.

போன் செய்ய எனக்கு இன்னும் நாலு மாதம் ஆனது. அதற்குள் அவர் அந்தப் பொலிகாளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். தன் கிடையில் பிறந்த காளையையே விட்டிருந்தார். தனி மாடு இல்லையா, கலக்கக் கூடாதே. பெட்டை மாடுகளில் பாதி அந்தக் காளைக்கு அக்கா தங்கை முறை. நான் புயலின் மேல் பழி போட்டுக் கற்பனை செய்த உள்கலப்பை, என் வார்த்தையே உண்டாக்கிக்கொண்டிருந்தது.

"கணக்கு தப்பாப் போச்சுங்க ஐயா. ரெண்டும் ஒரே கூட்டந்தான்" என்றேன்.

"அப்ப பங்காளி."

"பங்காளின்னு இல்ல..."

"ஒரே கூட்டம்னீங்களே. பங்காளி காளைய எப்படித் தம்பி விடுறது? அப்பவும் நான் செஞ்சது சரிதான்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து, இந்தக் காளைக்கும் அந்தப் பசுவுக்கும் முறை சொல்ல முடியாது. தூரம் பூஜ்யமாக இருக்கிற இரண்டு ஊர்களில் சம்பந்தமே இல்லாத மாடுகள் நிறைய இருக்கும், ஒரே கிடைக்குள் அண்ணன் தம்பி நிற்கும். அவர் கேட்டது இரண்டு மாட்டைப் பற்றி, நான் முதல் தடவையும் சரி, இரண்டாம் தடவையும் சரி, இரண்டு கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அதை அவருக்குப் போனில் விளக்கப் பார்த்தேன். சராசரி, விகிதம் என்று ஏதேதோ சொன்னேன். அந்தப் பக்கம் மாட்டு மணிச் சத்தம்தான் கேட்டது.

"தம்பி, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"மாமன் மச்சான்னு வச்சுக்கங்க ஐயா."

"வச்சுக்கிறதா, அப்படித்தானா?"

அந்தப் பொலிகாளையின் ரத்தத்தை நாங்கள் எடுக்கவே இல்லை. அது எங்கே பிறந்தது, எந்தக் கிடை வழி என்று ஒன்றும் தெரியாது. ஆனால் சொந்தக் கிடைக் காளையைவிட எதுவும் தேவலாம் என்று தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்படித்தான்" என்றேன்.

"அதான் வித்துட்டாங்களே" என்றார்.