லித்தியமும் மைக்கோடும்

ஜூன் 4

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மனம் சில காலம் அளவுமீறி எழும்பியும் சில காலம் தாழ்ந்தும் போகும் பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குப் பழகிப்போன வேலை. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துப் போக வேண்டும். ரத்தத்தில் அளவு குறைந்தால் மருந்து வேலை செய்யாது, கூடினால் அதுவே நஞ்சு. 0.7 வந்திருக்கிறது. டாக்டருக்குத் திருப்தி.

மாலையில் அந்தத் தம்பி போன் செய்தான். கவிதை எழுதுகிறவன். பைபோலார் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். சீட்டு கையில் இருக்கிறது, மாத்திரை வாங்கவில்லை. "அக்கா, இதைப் போட்டா எழுத்து நின்னுடுமா?" என்றான். சட்டென்று இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவனுக்குத் தேவை அந்த மாதிரி பதில் இல்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 5

அவன் கேட்டதை டென்மார்க்கின் மோகென்ஸ் ஸ்கோ எப்போதோ கேட்டுப் பார்த்துவிட்டார். லித்தியத்தை உலகம் ஏற்றுக்கொள்ளப் பாடுபட்ட மனநல மருத்துவர் அவர். லித்தியம் எடுத்துவந்த 24 கலைஞர்களிடமும் எழுத்தாளர்களிடமும் விசாரித்து 1979-ல் எழுதினார். வேலை கூடியது என்றவர்கள் 12 பேர், மாற்றமில்லை என்றவர்கள் 6, குறைந்தது என்றவர்கள் 6.

இதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். கால்வாசிப் பேருக்குக் குறைந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான். பயப்படுகிறவனிடம் பாதி உண்மையைச் சொன்னால் மீதியை அவனே கண்டுபிடித்துவிட்டு நம்மை நம்பாமல் போய்விடுவான்.

ஜூன் 8

அந்தக் கால்வாசியில் மையில் படம் வரைகிற என் கையையும் சேர்க்கலாம். இன்று ஒரு பழைய கட்டடத்தை வரைந்தேன். ஜன்னல் கம்பிகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். நிப்பை மையில் தொட்டுக் காகிதத்தில் வைக்கும் அந்த முதல் நொடியில்தான் லித்தியம் தரும் நடுக்கம் தெரியும். கோடு தொடங்கும் இடத்தில் பொடிப்பொடியாக ஒரு அலை, அப்புறம் நேராகிவிடும். ஒரு கோட்டில் யாருக்கும் தெரியாது. வரிசையாக இருபது கோடு போட்டால் மேல் விளிம்பு முழுக்கக் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும்.

டாக்டரிடம் சொன்னபோது டோஸைக் கொஞ்சம் குறைத்தார், காபியையும் குறைக்கச் சொன்னார். பாதி சரியானது. மீதிக்கு நான்தான் வழி பார்த்தேன். மணிக்கட்டை ஊன்றி வரைவதை விட்டுவிட்டுத் தோளிலிருந்து இழுக்கிறேன், நுண்ணிய இடங்களுக்குத் தூரிகை. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் மேனியாவில், அதாவது மனம் கட்டுமீறி எழும்பிய கட்டத்தில், ஒரு வாரம் தூங்காமல் கிடந்தபோது ஒரு ஜன்னல்கூட முடிந்ததில்லை.

ஜூன் 11

தம்பியின் அடுத்த வாதம் ஓவியர் வான்கா: நோய் இருந்ததால்தானே அப்படி வரைந்தார் என்கிறான். எல்லோரும் கடைசியில் அங்கேதான் வருகிறார்கள்.

பிரான்சின் செயின்ட் ரெமி மனநோய் விடுதியில் 1889 மே முதல் ஓராண்டு இருந்தார், சுமார் 150 ஓவியங்கள் வரைந்தார். சரி. ஆனால் தெளிவாக இருந்த நாட்களில்தான் வரைந்தார். அந்தக் கோடையில் நோய் கடுமையாக வந்தபோது வண்ணக்குழம்பை எடுத்துத் தின்றார், விடுதிக்காரர்கள் வரையும் சாமான்களைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. மறுபடி வரைய விடுங்கள் என்று கெஞ்சியது தெளிந்த பிறகு. இந்தக் கதையில் நோயைக் கலையின் தாயாக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் விஷயம் இன்னும் சுவாரசியம். 1840-லும் 1849-லும் இசையாக எழுதிக் குவித்தார், மனம் தாழ்ந்த 1844-ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ராபர்ட் வைஸ்பெர்க் என்ற உளவியலாளர் அவர் படைப்புகளில் எவை எத்தனை முறை ஒலிப்பதிவாகியிருக்கின்றன என்பதைத் தரத்துக்கு அளவுகோலாக வைத்துப் பார்த்தார். மனம் உயர்ந்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, தரம் ஏறவில்லை. என் பழைய நோட்டுகளும் இதைத்தான் சொல்கின்றன. மேனியாவில் நிரப்பிய பக்கங்களில் எல்லா வரிக்கும் அடிக்கோடு இருக்கிறது, எதற்காக என்று எனக்கே புரியவில்லை.

ஜூன் 12

சரி, நோய்க்கும் கலைக்கும் தொடர்பே கிடையாதா? இருக்கிறது. 1987-ல் அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் 30 எழுத்தாளர்களை ஆராய்ந்து, 80 சதவீதம் பேருக்கு மனநிலைக் கோளாறு வந்திருந்தது என்றார், ஒப்பீட்டுக் குழுவில் 30 சதவீதம். சின்னக் குழு, நேர்காணல் செய்தவரும் அவரே, அதனால் கேள்விகள் எழுந்தன. 2013-ல் ஸ்வீடனில் சுமார் 12 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். படைப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மனநோய் அதிகமில்லை, பைபோலார் மட்டும் விதிவிலக்கு. எழுத்தாளர்கள் தனிக் கணக்கு: மனச்சோர்வு, பதற்றம், போதை எல்லாமே கூடுதல், தற்கொலையும் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல்.

எனக்குப் பிடித்தது வேறொரு முடிவு. மனச்சிதைவு, பைபோலார் உள்ளவர்களின் நோயில்லாத உடன்பிறப்புகள் படைப்புத் தொழில்களில் அதிகம் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஓடுவது ஏதோ ஒன்று, நோய் அதன் முற்றிய வடிவம் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மாத்திரை அடக்குவது முற்றலை மட்டும்தானே.

ஜூன் 17

தம்பி மாத்திரையை ஆரம்பித்துவிட்டான். ஆனால் "எல்லாம் சப்புனு இருக்கு அக்கா, நிறுத்திடட்டுமா?" என்கிறான். நீயாக நிறுத்தாதே, திடீரென்று விட்டால் மேனியா இன்னும் வேகமாகத் திரும்பி வரும் என்று சொன்னேன். கவிதை வரவில்லை என்பதும் தாகம், நடுக்கம் மாதிரி டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான், டோஸை மாற்ற இடமிருக்கிறது. வெள்ளிக்கிழமை போகிறான். மருந்துக்கு முன்னும் பின்னும் எழுதியதைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.