முன்னறிவு என்றொரு கட்டம்

பி.எட். படிப்பவர்கள் எழுதும் பாடத்திட்டப் பதிவேட்டில் ‘முன்னறிவு’ என்று ஒரு கட்டம் உண்டு. நோக்கங்கள், துணைக்கருவிகள் எல்லாம் எழுதிய பிறகு, இன்றைய பாடத்துக்கு வரும் மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை அதில் ஒரே வரியில் எழுத வேண்டும். முதலாண்டில் அதை நான் எப்படி நிரப்பினேன் என்று இன்று எடுத்துப் பார்த்தேன். ‘மாணவர்கள் முழு எண்களை அறிவர்.’ ‘மாணவர்கள் கோணங்களைப் பற்றி அறிவர்.’ பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதிய வரிகள். எந்த ஊர் மாணவர், வீட்டில் என்ன மொழி பேசுகிறவர், ஒன்றும் தெரியாது. ஆனாலும் ‘அறிவர்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். 2012-இல் கணிதத்தில் பட்டம் முடித்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நடுவில் மூன்று ஆண்டுகள் ஒரு தனியார் பள்ளியில் வேலை. அங்கே சம்பளம் கேட்கும்போதெல்லாம் “உங்களுக்குத்தான் பி.எட். இல்லையே” என்ற ஒரே பதில். 2024-இல் நகையை அடகு வைத்துக் கல்லூரியில் சேர்ந்தேன். ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டாண்டு ஆகிவிட்டது. வீட்டில் அதற்கும் சேர்த்துத்தான் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு வயது இருபத்தொன்று. எனக்கு முப்பத்துநான்கு.

முதலாண்டில் எனக்குப் பிடித்தது நுண்ணிலைக் கற்பித்தல். கூடப் படிப்பவர்களே மாணவர்களாக உட்காருவார்கள். ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நிமிடம் நடத்த வேண்டும். ஆறு நிமிடம் குறை நிறை சொல்வார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி எழுதி, மறுபடி ஆறு நிமிடம் நடத்தி, மறுபடி ஆறு நிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 36 நிமிடம். கிளர்வினா கேட்கும் திறனில் எனக்கு நல்ல மதிப்பெண். அரைகுறையாகப் பதில் சொல்லும் மாணவனை அடுத்தடுத்த கேள்விகளால் சரியான விடைக்குக் கொண்டுவருவதுதான் அந்தத் திறன். என் தோழி வேண்டுமென்றே அரைகுறையாகச் சொல்வாள், நான் கேட்பேன், அவள் விடைக்கு வந்துவிடுவாள். அவளுக்குத்தான் விடை முன்பே தெரியுமே. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாமாண்டில் பதினாறு வாரம் பள்ளிக்கே போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். எனக்கு ஒதுக்கியது வேப்பனப்பள்ளிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. காலையில் காவேரிப்பட்டணத்தில் ஒரு பஸ், கிருஷ்ணகிரியில் இறங்கி இன்னொரு டவுன் பஸ். கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கும் கண்டக்டருக்கு ஒரு மாதத்தில் என் முகம் பழகிவிட்டது. வேப்பனப்பள்ளி தாண்டினால் ஒரு பக்கம் ஆந்திரம், இன்னொரு பக்கம் கர்நாடகம். வழியெல்லாம் மாந்தோப்புகள், பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மா. ஊரில் பாதி வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டியோடு. பேச்சு தெலுங்கு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் தமிழுக்கு மாறுகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அத்தனை இயல்பாக அது நடக்கிறது.

ஏழாம் வகுப்பில் தசம எண்கள் தொடங்குமுன் பின்னத்தை ஒருமுறை நினைவூட்டிவிடுமாறு வழிகாட்டி ஆசிரியை சொன்னார். ‘மாணவர்கள் பின்னங்களைக் கூட்டுவதை அறிவர்’ என்று கட்டத்தை நிரப்பிக்கொண்டு போனேன். அரையோடு காலைக் கூட்டச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். மூன்றாம் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே இரண்டையும் நான்கையும் கூட்டி ஆறு, ஆறில் இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுத் திரும்பினான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நோட்டில் அதுவேதான்.

எனக்குத் தெரிந்த கிளர்வினாவெல்லாம் கேட்டேன். பகுதி என்றால் என்ன, தொகுதி என்றால் என்ன, மீச்சிறு பொது மடங்கு எப்படிக் காண்போம். அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். கல்லூரியில் ஆறு நிமிடத்தில் முடிந்த வேலை இருபது நிமிடமாகியும் நகரவில்லை. கை நடுங்கியதில் சாக்கட்டி ஒடிந்தது.

பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியை தலை நிமிராமலே கேட்டார்: “அர, பாவு, ரெண்டூ கலிப்பிதே எந்த?”

“முப்பாவு, டீச்சர்.”

ஒரு நொடிகூட ஆகவில்லை. தெலுங்கில் அர என்றால் அரை, பாவு என்றால் கால், முப்பாவு என்றால் முக்கால். இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு என்றுதான் ஆசிரியை கேட்டிருக்கிறார். அவன் பாட்டி சந்தையில் தக்காளியும் பீன்ஸும் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தராசு பிடிப்பது இவன். அரைக் கிலோ எடைக்கல்லையும் கால் கிலோ எடைக்கல்லையும் சேர்த்து வைத்து முக்கால் கிலோ நிறுத்துக் கொடுப்பவனிடம்தான் நான் மீச்சிறு பொது மடங்கு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆசிரியை அவனைக் கரும்பலகையைப் பார்க்கச் சொன்னார். ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று. “அரைக் கிலோவோடு கால் கிலோ சேர்த்தால் அரைக் கிலோவைவிடக் குறைந்துபோகுமா?” என்று இந்த முறை தமிழில் கேட்டார். அவன் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே அழித்தான். அழித்த இடத்தில் உடனே விடை எழுதவில்லை. யோசித்தான். அவன் யோசிப்பதை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். அதுவரை அவன் எனக்காக எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று மதிய உணவு இடைவேளையில் ஆசிரியை தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து 2003-இல் இந்தப் பகுதிக்கு வேலைக்கு வந்தபோது அவருக்குத் தெலுங்கில் ஒரு சொல்கூடத் தெரியாதாம். பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். இடப்பக்கம் பாடப்புத்தகச் சொல், வலப்பக்கம் பிள்ளைகளின் சொல். கூட்டல், கழித்தல், மிச்சம், பங்கு, சரிவு, ஆழம், நிழல். சில சொற்களுக்கு எதிரே சின்னச் சின்னப் படங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிய நோட்டு. யாரும் எழுதச் சொன்னதில்லை, யாரும் அதில் கையெழுத்துப் போட்டதில்லை.

“இவர்களுக்குத் தெலுங்கிலேயே நடத்த வேண்டும் என்று சொல்லவில்லையம்மா. இங்கே தமிழ் வழியில்தான் படிக்கிறார்கள், தமிழில்தான் தேர்வும் எழுதப்போகிறார்கள். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் எங்கிருந்து கூட்டிக்கொண்டு போவாய்?” என்றார்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவில், பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருந்தேன். இந்த மாவட்டத்தில் தெலுங்கு வழிப் பள்ளிகளும் உண்டு. ஆனால் தமிழ் வழிப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் தெலுங்குப் பிள்ளைக்கு அந்த ‘இயன்றவரை’ என்பது ஆசிரியரின் காதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று கல்வி உளவியலாளர் ஆசுபெல் 1968-இலேயே எழுதிவிட்டார். முதலாண்டுத் தேர்வில் அதற்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதியவள் நான். எழுதியது வேறு, அந்தப் பையன் ‘முப்பாவு’ என்று சொல்லக் கேட்டது வேறு.

செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளியின் முகமே மாறிவிட்டது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்ச்சி இல்லாமலே வேலையில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி பெறாமல் பதவி உயர்வு கிடையாது. என் வழிகாட்டி ஆசிரியைக்கு வயது நாற்பத்தேழு. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வழக்கம்போல் நின்றார், வழக்கம்போல் வருகைப் பதிவு எடுத்தார். மதியம் என்னிடம் வந்து, “உன் முதலாண்டு உளவியல் குறிப்புகளைக் கொண்டுவாம்மா” என்றார்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தோம். தகுதித் தேர்வில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நடத்துகிறவர்களுக்கானது இரண்டாம் தாள். அதில் 150 வினா, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. கணிதத்தில் அவர் எனக்குச் சொல்லிக் கொடுப்பார். உளவியலில் நான் அவரைக் கேட்பேன். பியாஜே சொன்ன நான்காவது நிலை எது, எந்த வயதில் தொடங்கும்? வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றால் என்ன? குழந்தை தானாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையே உள்ள தொலைவு என்று நான் படித்துக் காட்டினேன். அவர் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “இதற்கு இப்படி ஒரு பெயரா” என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் முன்னால் நிற்கப் போகிறவருக்கு ஒரு தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தகுதிக்காகத்தான் நானும் நகையை வைத்தேன். தேர்ச்சி பெற்றாலும் எனக்கு உடனே வேலை இல்லை. 2018-ஆம் ஆண்டு அரசாணை 149-இன்படி அதற்கு மேல் நியமனத் தேர்வு ஒன்று இருக்கிறது. அதையும் எழுதுவேன். ஆனால் அந்த 150 வினாக்களில் ஒன்றாவது இழுப்பறையில் கிடக்கும் நோட்டைத் தொடுகிறதா என்று மாதிரி வினாத்தாள்களைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். தொடவில்லை. நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியை இரண்டாம் தாள் எழுதப் போனார். முந்தைய வெள்ளி மாலைவரை ஒரு வகுப்பைக்கூட அவர் விடவில்லை.

பின்னத்துக்குத் திரும்புகிறேன். அரையும் காலும் சந்தையில் கிடைத்துவிட்டன என்ற தைரியத்தில் மறுநாள் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். அதே பையன் எழுந்து, “மிஸ், மூன்றில் ஒன்றுக்கு எடைக்கல் கிடையாது” என்றான். உண்மைதான். தராசு அதற்குமேல் எங்களோடு வராது. அன்றிரவு சார்ட் அட்டையில் பன்னிரண்டு செ.மீ. நீளப் பட்டைகள் வெட்டினேன், செ.மீட்டருக்கு ஒரு கட்டமாக. ஆளுக்கு ஒன்று கொடுத்து, மூன்றாக மடித்து ஒரு பங்குக்கு நிறம் தீட்டச் சொன்னேன்: நான்கு கட்டம். இன்னொரு பட்டையை நான்காக மடித்தால் ஒரு பங்குக்கு மூன்று கட்டம். முன்வரிசைப் பெண் ஒருத்தி இரண்டு பட்டையையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்து, “ஏழு கட்டம், மிஸ். பன்னிரண்டில் ஏழு” என்றாள். மீச்சிறு பொது மடங்கு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் எழுதினேன். எழுதியபோது அது அவர்களைப் பயமுறுத்தவில்லை.

பையனுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. பட்டையில் விடை வந்துவிட்டது, ஆனால் அவனுக்குச் சொல் வேண்டும். “உன் பாட்டியிடம் கேட்டு வா. மூன்றில் ஒன்றுக்குத் தெலுங்கில் என்ன சொல்வார்கள்?” என்றேன். ஆசிரியையின் நோட்டிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“மூடோ வந்து, மிஸ். வந்து என்றால் பங்கு.”

சந்தையில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லையாம், நிலத்தில்தான் வேலையாம். கொள்ளுத்தாத்தாவின் நிலத்தை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தபோது, அவன் தாத்தாவுக்கு மூடோ வந்து. பாட்டி வரப்பைக்கூடக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். நான் அங்கேயே பையைத் திறந்து, ஆசிரியையின் நோட்டை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து எழுத்துச் சரிதானா என்று படித்துக்கொண்டான். பிறகு கூடவே நடந்து வந்தவன் படியேறும்போது நின்றான்.

“மிஸ், அந்தத் தாத்தா பங்கில் எங்கள் அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி. அப்படியென்றால் மொத்த நிலத்தில் எங்கள் அப்பாவுக்கு எவ்வளவு?”