திரும்பச் சேர்ப்பது எப்படி?

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு, சபையை நடத்தும் மூப்பர்களின் கூட்டம். திருவிருந்திலிருந்து (அப்பமும் இரசமும் பகிரும் சடங்கிலிருந்து) விலக்கி வைத்த சகோதரர், மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். சபைப் பணத்தைக் கையாடியவர். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், பணத்தையும் முழுசாகத் திருப்பிக் கட்டிவிட்டார். அவரை விலக்கியது சரிதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று போதகர் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. விலக்குவதற்கு எங்கள் சபை விதிகளில் ஒரு முழுப் பக்கமே இருக்கிறது. சேர்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 5

மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தேன். தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் சபைக்குச் சொல். இதற்கு முன்னால் இருப்பது காணாமற்போன ஆட்டின் உவமை. பின்னால் வருவது ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லும் பதில். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள 15 முதல் 17 வரையான வசனங்களை மட்டும் சட்டமாக்கி வைத்திருக்கிறோம். கேளாதவன் ஆயக்காரனைப்போல (ஊரே வெறுத்த வரி வசூலிப்பவனைப்போல) இருப்பானாக என்ற இயேசு, ஆயக்காரரோடு பந்தியிருந்தவர்தானே!

மார்ச் 9, சனி

மறுபடி கூட்டம். மூத்தவர் ஒருவர், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 5-ஐ வாசித்தார்: “அந்தப் பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்.” நான் 2 கொரிந்தியர் 2-ஐ வாசித்தேன். அநேகரால் உண்டான தண்டனை போதும், அவன் “அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு” மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார் பவுல். இரண்டு இடத்திலும் சொல்லப்படுபவர் ஒரே ஆள்தானா என்பதில் வேத அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எழுதியவர் ஒருவர், பெற்ற சபையும் ஒன்று.

போதகர் இன்னொன்று சொன்னார். ஓர் ஆயர் (பிஷப்) சொந்த மனஸ்தாபத்தால் யாரையாவது விலக்கிவிட்டாரா என்று விசாரிக்க, மாகாண ஆயர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும் என்று 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் விதித்ததாம். விலக்கியவர்களையும் விசாரித்திருக்கிறார்கள்! அது நமக்கும் வேண்டும்.

மார்ச் 12

வாலிபர் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: குழந்தையிடம் தவறாக நடந்தவர்களுக்கும் இதே மூன்று படிதானா? இல்லவே இல்லை. அது குற்றம், உடனே போலீஸில் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து ‘நீயே தனியாகப் போய்ப் பேசு’ என்பது இன்னொரு கொடுமை. அப்படிச் செய்தவர் மனந்திரும்பினாலும் பிள்ளைகள் பக்கம் எந்தப் பொறுப்பும் தரக்கூடாது. மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு.

மார்ச் 17, ஞாயிறு

முடிவாகிவிட்டது. விலக்கியதைச் சபை முன் அறிவித்தது போலவே சேர்ப்பதையும் அறிவிப்போம். அடுத்த திருவிருந்தில் அவர் பங்குபெறுவார். கணக்கு வழக்கு மட்டும் இனி அவர் கைக்குப் போகாது. அதை அவரே கேட்டுக்கொண்டார். மூப்பர் ஒருவர் உடன்படாமல் எழுந்து போய்விட்டார், அவரோடும் பேச வேண்டும்.

என்னை உறுத்துவது அவர் மனைவி, பிள்ளைகள் விஷயம். அவர்கள்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை, ஆனாலும் இத்தனை மாதமாக யாரும் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதைத் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. நாளை மாலை நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம்.