மிளகுக்கொடியும் பெரென்னியலும்

வங்கித் தேர்வுக்கு இரண்டாம் முறை படித்தபோது, ஆங்கிலச் சொற்களுக்கென்றே ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தேன். ஒரு சொல், எதிரே ஒரு தமிழ்ப் பொருள், அவ்வளவுதான். பெரென்னியல் (perennial) என்ற சொல்லுக்கு எதிரே 'நிரந்தரமான' என்று எழுதியிருந்தேன். சேலத்தில் எழுதிய மாதிரித் தேர்வில் 'நிரந்தர வேலை' என்று பொருள் வரும்படி கோடிட்ட இடம். பெர்மனென்ட், பெரென்னியல் இரண்டும் விடைகளில் இருந்தன. பெரென்னியலைக் குறித்தேன். ஒரு மதிப்பெண் போனது, கூடவே கால் மதிப்பெண் கழிவு.

அந்த வாரம் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. "நான் கல்யாணமாகி வந்த வருசம் நட்டது கண்ணு, இன்னும் காய்க்குது" என்றார். பக்கத்தில் பீன்ஸ் பாத்தி. அதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக விதை ஊன்ற வேண்டும். அன்று ராத்திரி அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, 'அன்னுஸ்' என்றால் ஆண்டு. பல ஆண்டுகள் ஊடாக வாழும் மிளகு பெரென்னியல், ஓராண்டுக்குள் முடியும் பீன்ஸ் ஆனுவல். சட்டென்று விளங்கிவிட்டது.

ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் பெரென்னியல்தான். தாமிரபரணியை அப்படிச் சொல்லலாம். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் வழியே போகும் நம் திருமணிமுத்தாறு மழையை நம்பிய ஆறு, அதைச் சொல்ல முடியாது. கோடையில் ஏற்காட்டுக் கிளியூர் அருவியைப் பார்த்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அப்புறம், தீர்ந்த மாதிரி இருந்து திரும்பத் திரும்பத் தலைதூக்கும் சிக்கலுக்கும் இதே சொல் வரும்: கோடைதோறும் வரும் தண்ணீர்த் தட்டுப்பாடு ஒரு பெரென்னியல் பிராப்ளம். வேலை, முகவரி, வருமான வரித் துறையின் பான் அட்டையில் உள்ள 'பி'க்கு உரிய சொல், இவற்றுக்கெல்லாம் பெர்மனென்ட்தான்.

எழுத்துப்பிழைக் கேள்விக்கு ஒன்று: பெரென்னியலில் ஒரு 'ஆர்', இரண்டு 'என்'. அதே வேரில் பிறந்த பையென்னியல் (biennial) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பையானுவல் (biannual) ஆண்டுக்கு இருமுறை. இந்த ஜோடியில் வழுக்காதவர்கள் குறைவு.

சரி, நோட்டை என்ன செய்தேன்? தமிழ்ப் பொருளை அடித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லோடும் சேரும் மூன்று பெயர்ச்சொற்களையும் சேராத ஒன்றையும் எழுத ஆரம்பித்தேன். பெரென்னியலுக்கு: செடி, ஆறு, சிக்கல். சேராதது: வேலை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் ஓடவில்லை. ஆனால் அந்தப் பத்தும் கோடிட்ட இடத்தில் என்னைக் கைவிடவில்லை.