மன்னார்குடிப் பக்கத்து ஓட்டு வீடு: எட்டு மாதத்தில் செய்தது, செய்யாமல் விட்டது

போன ஜூன் முதல் வாரம் குரோம்பேட்டையில் இருந்த 720 சதுர அடி ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, மன்னார்குடிக்கு வெளியே பாமணி ஆற்றை ஒட்டிய கிராமத்தில் என் மாமனார் வீட்டுக்குக் குடிவந்தோம். நான், என் கணவர், ஏழாவது படிக்கிற மகள், அத்தை (என் மாமியார்), நாலு பேர். வீடு தெருவில் ஆரம்பித்துக் கொல்லை வேலி வரை 140 அடி நீளம், அகலம் 30 அடி. திண்ணை, ரேழி (தெருக்கதவிலிருந்து உள்ளே போகும் நடை), நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், இரண்டு அறை, அடுக்களை, கிணற்றடி. மாமனார் போன பிறகு ஆறு வருடம் பூட்டியே கிடந்தது. வந்த அன்று அத்தை ஒன்றுதான் சொன்னார்: "வீட்ட மொதல்ல ஒரு மழைக்காலம் பாரும்மா, அப்புறம் கை வை." நான் கேட்கவில்லை. அதன் பலன் கீழே இருக்கிறது.

முதலில் கரண்ட். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. மர ரீப்பரில் ஓடிய பழைய ஒயர், எர்த் கிடையாது, ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் கை சுறுசுறுவென்றது. கொல்லையில் குழி எடுத்துக் கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம், புது ஒயர் இழுத்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) வைத்தோம். ஒரு வாரத்தில் முடிந்தது.

அடுத்து யார் எங்கே படுப்பது. ஃபிளாட் பழக்கத்தில் ஆளுக்கொரு அறை என்று பிரித்துக் கட்டில் போட்டோம். பத்தே நாளில் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு வெப்பமானி வாங்கி ஜூன் முழுக்க மதியம் மூன்று மணிக்குக் குறித்துக்கொண்டே வந்தேன்: வெளியே 38 டிகிரி இருந்தால் கூடத்தில் 33, முன்பக்கம் தகர சீட் போட்ட அறையில் 41. தெருக்கதவும் கொல்லைக்கதவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் இரண்டையும் திறந்து வைத்தால் ரேழியில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். முற்றத்தில் சூடான காற்று மேலே போகப் போக, இருட்டாக இருக்கிற தாழ்வாரத்துக் காற்று அந்த இடத்துக்கு நகரும். இது தெரிந்த பிறகு அறைகளை அறையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு நேரத்துக்கு ஏற்ற மாதிரி இடம் மாற ஆரம்பித்தோம், காலையில் திண்ணை, பத்து மணிக்கு மேல் என் மடிக்கணினி ரேழிக்கு, மதியம் எல்லாரும் கூடம், ராத்திரி சாப்பாடு முற்றத்து ஓரம். கிழக்கு அறையில் இப்போது நெல்லும் பழைய பாத்திரமும்தான் இருக்கின்றன. பெரிய வீட்டை முழுக்க நிரப்ப வேண்டும் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது.

இப்போது சுவர் விஷயம். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

வந்த புதிதில் அறைச் சுவரின் கீழ்ப்பகுதி உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஜூலையில் ஆள் வைத்து மூன்றரை அடி உயரத்துக்குக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே பளபளவென்று எமல்ஷன் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. நவம்பர் நடுவில் சிமென்ட் பூச்சு அப்படியே நிற்க, அதற்கு மேலே நாலரை அடி உயரத்தில் நல்லா இருந்த பழைய பூச்சு பொரிந்து கொட்டியது. ஈரத்தை நான் நிறுத்தவில்லை, மேலே ஏற்றிவிட்டிருக்கிறேன். இந்த மாதிரிச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது, அடியில் ஈரத்தடுப்பு எதுவும் இல்லை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகத்தான் காய்ந்து வெளியேற வேண்டும். சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் போக இடம் தேடி உயரே ஏறுகிறது, கூடவே உப்பையும் தூக்கிக்கொண்டு போகிறது.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு சும்மா விடுங்கம்மா. தை வரைக்கும் காயட்டும்" என்றார். விட்டோம். ஒன்றரை மாதம் செங்கல் தெரிய ஒரு சுவர் கூடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது, ஆனால் வாரத்துக்கு ஒரு முறை உப்பைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க எடுக்கக் கறை இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

அதற்குள் சுண்ணாம்பு தயார் செய்தோம். சுட்ட கிளிஞ்சல் நாலு மூட்டை. இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர் ஊற்றி, அதில் கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கிளிஞ்சல் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகவே வேண்டாம், பிள்ளைகளை விலக்கி வையுங்கள், பிளாஸ்டிக் டிரம் தாங்காது. கொதி அடங்கியதும் மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி இருபது நாள் வைத்தோம். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், கொஞ்சம் வெல்லம். தை கடைசி வாரத்தில் பூச ஆரம்பித்தார்கள். ஒரே நாளில் கனமாகப் பூசாமல், மெல்லிசாக ஒரு கை, அது இறுகியதும் இன்னொரு கை, நடுவில் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு இறுகும் என்பதால் அவசரப்படுத்தவும் முடியாது. மேலே வெள்ளை அடித்தபோது ஈரத்தில் ஒன்றுமே தெரியவில்லை, மகள் "ஏம்மா, வெறும் தண்ணியா அடிக்கிறாங்க?" என்று கேட்டாள். சாயங்காலம் காய்ந்ததும் சுவர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. மூன்று தடவை அடித்தோம். மாசி வந்துவிட்டது, இதுவரை பொரியவில்லை, ஆனால் இன்னொரு அடைமழை பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்வேன்.

முற்றம் பற்றி ஒரு வார்த்தை. நவம்பரில் ஒரு ராத்திரி மழைக்கு முற்றத்துத் தண்ணீர் தாழ்வார விளிம்பு வரை ஏறிவிட்டது. கைவிளக்கு வைத்துப் பார்த்தால் ஜலதாரை அடைத்திருக்கிறது. அடுக்களைத் தரைக்குக் கீழேயே ஓடி வாழைப்பாத்தியில் போய் விழுகிற தாரை, வாய் முழுக்க வாழை வேர். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திக் குத்தி இரண்டு மணி நேரத்தில் திறந்தோம். அத்தை வாசல் பக்கம் நின்று எங்கே வளைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் சொன்ன இடத்தில்தான் வளைவும் இருந்தது. ஜூனிலேயே அவரைக் கேட்டு வீட்டின் தாரை, தூம்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து வைத்திருக்க வேண்டும். இப்போது வரைந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

பாக்கி இருப்பது அந்தத் தகர சீட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முன்பக்கத்து நாட்டு ஓடு பாதிக்கு மேல் பறந்து போனது. அன்றைக்கு ஊரில் ஓடும் இல்லை, ஓடு மாற்ற ஆளும் இல்லை, மாமனார் கிடைத்த சீட்டைப் போட்டார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புதிதாகக் கையால் செய்கிற நாட்டு ஓடு நாங்கள் தேடியவரை கிடைக்கவில்லை, அதனால் இடிக்கிற வீடுகளில் சொல்லி வைத்திருந்தோம், போன வாரம் ஒரு லோடு வந்து இறங்கியது. ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, கணீரென்று கேட்பதை ஒரு பக்கம், மொத்தென்று கேட்பதை இன்னொரு பக்கம் அடுக்குகிறோம். இன்று வரை 1,140 தேறியிருக்கிறது. ஓட்டைத் தாங்குகிற வரிச்சு மரத்தில் கறையான் இருக்கிறதா என்று பார்க்க ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பங்குனி வெயில் ஏறுவதற்குள் சீட்டைப் பிரித்துவிட வேண்டும்.