எள்ளுப்பாட்டியின் எண்

எள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செய்திதான்: மதராஸில் கப்பல் ஏறி, மொரீசியஸுக்குக் கரும்பு வெட்ட வந்தவர். எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டால் அப்பாவுக்கும் தெரியாது. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு முன்னோரின் வருகைப் பதிவு தேவைப்பட்டபோதுதான் தேடத் தொடங்கினேன்.

பழைய குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயரைச் சொன்னேன். "எண் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். 1834 முதல் 1910 வரை நான்கரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயரை நம்பித் தேட முடியாது. முத்து என்ற பெயரில் உகரம் வரும் இடத்தில் ஆங்கிலம் படித்த எழுத்தர் இரண்டு 'ஓ' போடுவார்; பிரெஞ்சு பழகியவர் 'ஓ'வும் 'யூ'வும் போடுவார். முத்துகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

எண்ணைப் பிடிக்க ஒரே வழி, என் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போவதுதான். தாத்தாவின் சான்றிதழில் ஓரெழுத்து பிசகியிருந்ததால் இரண்டு மாதம் வீணாயிற்று. கொள்ளுத்தாத்தாவுக்கு முதலில் கிடைத்த சுருக்கப் பிரதியில் எண்ணே இல்லை. இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து முழுப் பிரதியையே கேளுங்கள். கையெழுத்துப் பதிவின் முழுப் பிரதி வந்த பிறகுதான் அந்த ஆறிலக்க எண்ணைப் பார்த்தேன்.

எள்ளுத்தாத்தாவின் எண் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். வந்த பதிவு ஒரு பெண்ணுடையது.

கோயிலிலும் வீட்டிலும் தாலி கட்டிய கல்யாணத்தை அன்றைய சட்டம் கல்யாணமாக ஏற்கவில்லை. அப்படிப் பிறந்த பல பிள்ளைகள் தாயின் பெயரில்தான் பதிவானார்கள். கொள்ளுத்தாத்தாவும் அப்படியே. அரசாங்கத்தின் கணக்கில் அவருக்குத் தகப்பன் இல்லை. அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

எள்ளுப்பாட்டி போர்ட் லூயியில் இறங்கியது 1874இல், பதினெட்டு வயதில். கரையில் இன்றும் இருக்கும் பதினாறு படிகளில் ஏறித்தான் அவள் இந்த மண்ணுக்குள் வந்திருப்பாள். அவள் வந்து சேர்ந்த காலம் எப்படிப்பட்டது என்பதை அப்புறம்தான் படித்தேன். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். தோட்ட வேலைக்கான ஒப்பந்தம் முடிந்தவர்களும் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி புகைப்படம் ஒட்டிய சீட்டோடுதான் நடமாட வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துப் போவார்கள். இதை எதிர்த்து 1871இல் 9,401 பேர் ஒரு மனுவில் ஒப்பமிட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர் அடோல்ஃப் த பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர். உடனிருந்து உதவியவர் ராஜரத்தின முதலியார் என்ற தமிழர். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் ஆத்திரத்தைப் பொருட்படுத்தாமல் பெயர் கொடுத்த அந்த ஒன்பதாயிரம் பேரை நான் மிகப் பெரிய மனிதர்களாக நினைக்கிறேன். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசு இதை விசாரிக்க ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. அதன் அறிக்கை 1875இல் வந்தது. அப்போது எள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது.

பதிவேட்டின் நகலை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஜில்லா தென்னாற்காடு. ஊர்ப் பெயரை நான்கு விதமாகப் படிக்கலாம். எது சரி என்று இன்னும் பிடிபடவில்லை. உயரம் நான்கடி பத்தங்குலம். அடையாளம் என்ற கட்டத்தில், வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அப்பா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு தன் வலது கையைத் திருப்பி, முன்கையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எள்ளுத்தாத்தாவின் எண் இன்னும் கிடைக்கவில்லை. அவள் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் இப்போது கையில் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தை அங்கிருந்து தொடங்குகிறேன்.