அறை எண்ணை உரக்கச் சொல்லாதே

லாட்ஜ் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்குக் கும்பிடவும் சிரிக்கவும் யாராவது கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் முதலில் கற்றுக்கொடுப்பது, அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதை. ரிசப்ஷன் முன்னால் எந்த நேரமும் நாலு பேர் நிற்பார்கள். சவாரி கொண்டுவந்த ஆட்டோக்காரர், ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று சோபாவில் சாய்ந்திருப்பவர், யாரையோ பார்க்க வந்தவர், எதற்கு வந்தார் என்றே தெரியாதவர். இத்தனை பேர் நடுவே, தனியாக வந்து இறங்கிய ஒரு பெண்ணிடம் "மேடம், முந்நூற்று நான்கு, மூன்றாவது மாடி" என்று கணீரென்று சொன்னால் அந்த அறைக்கு எத்தனை பூட்டு இருந்து என்ன பயன்? எண்ணைச் சீட்டில் எழுதிச் சாவியோடு நீட்ட வேண்டும். மற்றதை ரூம் பாய் பார்த்துக்கொள்வான்.

சாவி என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் லாட்ஜில் முன்பு உள்ளங்கை அகலப் பித்தளை வில்லையில் லாட்ஜ் பெயர், தெரு, அறை எண் எல்லாம் பொறித்து அதில் சாவியைக் கோத்திருப்பார்கள். ஊருக்கு எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காக அந்தக் கனம். கோயில் வாசலில் அது தவறி விழுந்தால், கண்டெடுப்பவனுக்கு வழியும் தெரியும், கதவும் தெரியும், திறக்கச் சாவியும் கையில் இருக்கும். மூன்றையும் ஒரே வில்லையில் கட்டிக் கொடுத்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! இப்போது வில்லையில் எண் மட்டும்தான் இருக்கிறது.

மதுரை ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயில் பக்கமாக நடந்தால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன் ஹால் ரோட்டிலும் லாட்ஜுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். எங்களுடையதும் அந்த வட்டாரத்தில்தான். நான்கு மாடி, ஒரு லிஃப்ட். ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கும் வடநாட்டு யாத்ரீகர்கள், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார், கண் ஆபரேஷனுக்கு வரும் பெரியவர்கள், தேர்வு எழுத வரும் பிள்ளைகள் என்று ஆண்டு முழுவதும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். சித்திரைத் திருவிழாவின்போது மாடிப்படியில் படுக்கவாவது இடம் கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. மாடிப்படியைத்தான் கொடுக்க முடியாது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரில் டீ போட முயன்றபோது நேர்ந்தது என்று ரயில்வே சொன்னது. ஊருக்கு அது செய்தி. லாட்ஜ்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அதே மாதிரிக் குழுக்கள்தான் எங்கள் அறைகளிலும் தங்குகின்றன. அதே அடுப்பும் கூடவே வருகிறது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது மாடி நடையில் கடுகெண்ணெய் காய்கிற வாசனை. போய்ப் பார்த்தால் கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே சின்ன சிலிண்டர் மேல் பர்னர், அதன் மேல் கடாய். ஒரு கைப்பிடி அகலம் தள்ளி பிளைவுட் அலமாரி. பக்கத்தில் சம்மணமிட்டு உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயம் பூண்டு போட்டதைத் தாங்கள் தொடுவதில்லை என்றார். "மாதாஜி, அடுப்பை அணைத்துவிடுங்கள், சமைக்க வேறு இடம் தருகிறேன்" என்று எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் சொன்னேன். சுவரில் "அறையில் சமைக்கக் கூடாது" என்று இந்தியிலும் பலகை இருக்கிறது. பலகை பசிக்குப் பதில் சொல்லாது. கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலையும் அடைத்துக்கொண்டு சமைப்பார்கள். அது இன்னும் மோசம்.

கட்டடத்தின் பின்னால் மோட்டார் ரூமை ஒட்டித் தகரக் கூரை போட்ட சிமெண்ட் தரை உண்டு. பழைய கட்டில்களைப் போட்டு வைத்திருந்தோம். அவற்றை ஓரங்கட்டி, குழாயடியைக் கழுவிவிட்டு, அங்கே சமைக்கச் சொன்னோம். சிலிண்டர்கள் பஸ்ஸிலிருந்து நேராகப் பின்கட்டுக்குப் போகும், மாடி ஏறாது. தீயணைப்பான் ஒன்றை அந்தச் சுவரில் மாட்டினோம். முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. "லாட்ஜ் நடத்துகிறோமா, சத்திரம் நடத்துகிறோமா?" என்றார். தண்ணீர்ச் செலவு வேறு. ஆனால் அந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டே அடுத்தடுத்த குழுக்கள் வரத் தொடங்கியதும் சத்திரம் என்ற பேச்சு நின்றுவிட்டது.

தீயைப் பற்றி விருந்தினர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒரே தவறான எண்ணம் இருக்கிறது: நெருப்பு வந்தால் தெரியும், ஓடிவிடலாம் என்று. கொல்வது பெரும்பாலும் நெருப்பு அல்ல, புகை. 1980 நவம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் தீ மூண்டது தரைத்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலோர் அதற்கு எவ்வளவோ உயரத்தில், நெருப்பையே பார்க்காமல், புகையில் மூச்சுமுட்டி இறந்தவர்கள். படிக்கட்டும் லிஃப்ட் குழியும் புகைபோக்கியாக மாறிப் புகையை மேலே ஏற்றிவிட்டன. 2019 பிப்ரவரி 12 அன்று தில்லி கரோல் பாகில் ஒரு தங்கும் விடுதியில் 17 பேர் இறந்ததும் விடியும் முன் நடந்ததுதான். நடைகளில் அழகுக்குப் பதித்திருந்த மரப்பலகை தீயைக் கொண்டுபோனது என்று அப்போது பேசப்பட்டது. அழகு என்று யார் பலகை பதிக்கக் கேட்டாலும் எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வரும்.

ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்கு ஒரு கதவு வைப்பது அந்தப் புகையை அங்கேயே நிறுத்தத்தான். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. எங்கள் பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? துவைத்த படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு போகையில் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிடுவார்கள். செங்கல்லை எடுத்தால் வாளி வரும், வாளியை எடுத்தால் பழைய மெத்தை வரும். திட்டிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் விரிப்புகளைக் கொண்டுபோகச் சக்கரக் கூடை வாங்கி, லிஃப்ட் வழியாகவே போகும்படி மாற்றிய பிறகுதான் செங்கல் மறைந்தது. நோகிற வேலையைக் குறைக்காமல் விதியை மட்டும் நீட்டினால் எந்தப் பையனும் கேட்க மாட்டான், கேட்கவும் வேண்டியதில்லை. திருவிழாக் கூட்டத்துக்குப் படிக்கட்டைத் தர மறுப்பதும் இதனால்தான். புகையில் இறங்கி வருகிறவர் தூங்குகிறவர் மேல் இடறக் கூடாது.

மொட்டைமாடிக் கதவு இன்னொரு தலைவலி. குடிப்பவர்கள் ஏறுகிறார்கள், யாராவது குதித்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லா லாட்ஜிலும் அதைப் பூட்டிவிடுவார்கள். கீழே புகை சூழ்ந்தால் மேலே ஏறுகிறவன் அந்தப் பூட்டின் முன்னால்தான் நிற்பான். நாங்கள் பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் வைத்து, திறந்தால் ரிசப்ஷனில் மணி அடிக்கும்படி ஒயர் இழுத்தோம். ஒரு எலக்ட்ரீஷியனின் அரைநாள் வேலை. இப்போது மணி அடித்தால் யாராவது மேலே ஓடுகிறோம். பெரும்பாலும் துணி காயப்போட வந்தவர்தான்.

யோசித்துப் பார்த்தால் லாட்ஜுகளில் பாதுகாப்பு என்று சொல்லப்படுவதில் பாதி, லாட்ஜின் பாதுகாப்பு. பூட்டிய மொட்டைமாடி அப்படி. "தனி ஆளுக்கு ரூம் இல்லை" என்பதும் அப்படி. தனியாக வருகிறவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், விசாரணை, அறைக்குப் பூட்டு என்ற பயம். பயம் பொய்யில்லை. ஆனால் மறுநாள் தேர்வு எழுத வந்த ஒரு பெண் இரவு பத்து மணிக்கு எங்கள் வாசலுக்கு வந்தபோது, அதற்கு முன் ஏறி இறங்கிய லாட்ஜுகளை விரல் விட்டுச் சொன்னாள். எல்லாரும் பாதுகாப்பு கருதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். எங்கே அனுப்பினார்கள்? தெருவுக்கு.

பயப்பட வேண்டிய ஆளும் வருவார், அதை மறைக்கவில்லை. ஒரு மாலை நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. வாடகை எவ்வளவு, வெந்நீர் உண்டா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று எதையும் கேட்கவில்லை. அறையெடுப்பவர் கேள்வி கேட்காமல் பணத்தை எண்ணி வைத்தால் எனக்குக் காது கூர்மையாகிவிடும். திருப்பி அனுப்பினால் பக்கத்து லாட்ஜுக்குப் போவார், அவ்வளவுதானே. முதல் மாடியில், ரிசப்ஷனுக்கு நேர் மேலே அறை கொடுத்தோம். எங்களிடம் ஐம்பதைத் தாண்டிய ரூம் பாய் ஒருவர் இருக்கிறார். பெயருக்குத்தான் பாய், எல்லாருக்கும் அண்ணன். அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது சாக்கில் கதவைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமா, கொசுவத்தி வேண்டுமா, டிபன் வாங்கி வரட்டுமா. மூன்றாவது முறை, "அண்ணே, நானும் இன்னும் சாப்பிடவில்லை, வாருங்கள், கீழே போய்ச் சாப்பிடலாம்" என்றார். இறங்கி வந்தார். இரண்டு இட்லியை வெகுநேரம் சாப்பிட்டார். அதன் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து நள்ளிரவு வரை என்னிடம் கடன் கதையைச் சொன்னார். விடிந்ததும் அவரே நம்பர் கொடுத்து, மைத்துனர் வந்து அழைத்துப்போனார். ரிசப்ஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் டெலி மானஸ் மனநல ஆலோசனை எண் 14416 இப்போது நிரந்தரமாக இருக்கிறது. அந்த ரூம் பாய் எந்த ஓட்டல் நிர்வாகக் கல்லூரியிலும் படித்தவரில்லை.

ஜோடிகள் விஷயத்திலும் இதே கதைதான். திருமணமாகாத இருவர் அறையெடுப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இருவரும் வயது வந்தவர்களா என்று பார்ப்பது என் வேலை, தாலி இருக்கிறதா என்று பார்ப்பது இல்லை. தொலைபேசியில் "என் தங்கச்சி அங்கே தங்கியிருக்கிறாளா?" என்று கேட்கிற குரல்களுக்கு ஒரே பதில்தான்: "விருந்தினர் விவரம் சொல்வதில்லை சார், உங்கள் பெயரும் நம்பரும் கொடுங்கள், அப்படி யாராவது இருந்தால் அவரிடம் சொல்கிறேன்." கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், லோக்கல் பெரிய மனிதர் பெயரைச் சொல்வார்கள். போலீஸ் நேரில் வந்து கேட்டால் பதிவேட்டைக் காட்டுவேன். அண்ணன் என்று சொல்லிக்கொள்கிறவருக்குக் காட்ட மாட்டேன். அவர் அண்ணனாகவே இருந்தாலும்.

அடையாள அட்டை வாங்குவதில் சிலருக்குக் கோபம் வரும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஓட்டல்களுக்கு ஸ்கேனர் வந்தது, எங்களைப் போன்ற லாட்ஜுகளுக்குக் கேமராவும் கூடுதல் கெடுபிடியும் வந்தன. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். இதெல்லாம் சரிதான். என் கவலை, வாங்கிய ஜெராக்ஸ் பிறகு எங்கே போகிறது என்பது. பழைய பேப்பரோடு எடைக்குப் போய், யாருடைய ஆதார் நகலிலோ வடை மடித்துக் கொடுத்ததை நானே வாங்கியிருக்கிறேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்று இப்போது நாங்களே கேட்கிறோம். பழைய நகல்களைக் கிழித்துத்தான் வெளியே விடுகிறோம்.

இத்தனையும் சொன்னாலும், எங்கள் லாட்ஜில் அடிபடுகிறவர்கள் முக்கால்வாசி வழுக்கி விழுகிறவர்கள். பளபளக்கும் டைல்ஸ் மேல் முதலாளிகளுக்கு ஒரு மோகம். அதில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பாட்டியை நிறுத்திப் பாருங்கள். விழுந்தவர் உள்ளே தாழிட்டிருந்தால் கதவை உடைக்க வேண்டும். உடைத்தால் பலகை அவர் மேலேயே விழும். இப்போது எல்லாக் குளியலறையிலும் வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தால் திருகித் திறக்கிற தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். தரையில் சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. பெரியவர்கள் வந்தால் அந்தக் கம்பியை ரூம் பாய் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் டிவி ரிமோட்டைக் கொடுப்பான்.

மீதி இருப்பது இரவு. பகலில் மாடிக்கு ஒரு பையன் இருக்கிறான். பதினொரு மணிக்கு மேல் நான்கு மாடிக்கும் சேர்த்து ஒரே ஆள், அவரும் காலையிலிருந்து நின்ற கால்களோடு ரிசப்ஷன் சோபாவில் கண்ணயர்ந்திருப்பார். புகை வந்தால் அத்தனை கதவுகளையும் தட்ட வேண்டியவர் அவர், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டியவரும் அவர், பின்கட்டு வழியைத் திறந்துவிட வேண்டியவரும் அவர். இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் கணக்கெழுதிக் கொடுத்திருக்கிறேன். சம்பளம், சாப்பாடு, பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்கு ஆகிற தொகை, போன வருடம் முகப்புக்கு மாட்டிய வண்ண விளக்குகளின் விலையைவிடக் குறைவு. அதையும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆடி முடிந்து முகூர்த்தம் தொடங்கட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.